ஒடுக்கப்பட்டோரின் உலக சினிமா: யார் பார்வை, யார் மொழி, யார் திரை?



மறைந்த நம் தோழரின் நினைவாக நடக்கும் இந்தப் பேருரையில் இலக்கியம், நிலம், கல்வி, இடஒதுக்கீடு என்று பலவற்றைப் பேசி வந்திருக்கிறோம். இந்த முறை உலகத் திரைப்படங்களைப் பற்றிப் பேசலாம் என்று முடிவெடுத்தபோது நமக்குள்ளேயே இரண்டு கேள்விகள் எழுந்தன. சுடுகாட்டுப் பாதைக்கே மனு எழுதிக்கொண்டிருக்கும் நமக்குச் செனகல் படமும் பொலிவியா படமும் எதற்கு என்பது முதல் கேள்வி. உலக சினிமா என்றால் மேதைகளின் பட்டியல் ஒன்று ஏற்கனவே இருக்கிறதே, அதை ஒப்பிப்பதற்கு ஒரு பேருரையா என்பது இரண்டாவது.

இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். அந்தப் பட்டியலில் இருப்பவை நல்ல படங்கள்தாம், பார்க்க வேண்டியவைதாம். ஆனால் பட்டியலைப் போட்டவர்கள் யார், எந்த ஊரில் உட்கார்ந்து போட்டார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வேறொரு வரிசையும் இருக்கிறது. பிறர் எடுத்த படங்களில் வேலைக்காரராகவும் திருடராகவும் ஆடிப்பாடும் கூட்டமாகவும் பிணமாகவும் மட்டுமே காட்டப்பட்டவர்கள், ஒருநாள் தாங்களே கேமராவைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் எடுத்த படங்களின் வரிசை அது. இன்று அந்த வரிசையில் சிலவற்றைப் பார்க்கப் போகிறோம். முதல் கேள்விக்கான பதில் அந்தப் படங்களுக்குள்ளேயே கிடைக்கும்.

பொய்க்குப் பதில்

1915இல் அமெரிக்காவில் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வெளியானது. திரைப்பட இலக்கணத்தை வளர்த்த படம் என்று இன்றும் பாடத்தில் வைக்கிறார்கள். அந்தப் படத்தில் கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைத் துரத்தும் மிருகங்கள். கு க்ளக்ஸ் க்ளான் கொலைகாரர்கள் நாட்டைக் காக்க வந்த வீரர்கள். படம் வெள்ளை மாளிகையில் திரையிடப்பட்டது. ஒடுங்கிக் கிடந்த க்ளான் அதே ஆண்டில் மீண்டும் தலையெடுத்தது. ஒரு படம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரலாறு போதும்.

அதற்குத் திரையிலேயே பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் ஆஸ்கர் மீஷோ. அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்தவர். மீஷோ விவசாயம் செய்தார், நாவல் எழுதினார், அதை வீடு வீடாகச் சென்று விற்றார், பிறகு சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார். 1920இல் அவர் எடுத்த படம் 'வித்தின் அவர் கேட்ஸ்'. அதில் ஜாஸ்பர் லாண்ட்ரி என்றொரு குத்தகை விவசாயி வருகிறார். அவருடைய வளர்ப்பு மகள் சில்வியா படித்தவள். குடும்பத்தின் கணக்கை எழுதி வைக்கிறாள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு பண்ணையாரிடம் நியாயம் கேட்கப் போகிறார் லாண்ட்ரி. அந்த நேரத்தில் பண்ணையாரை வேறொரு வெள்ளையர் சுட்டுவிடுகிறார். பழி லாண்ட்ரி மேல் விழுகிறது. கூட்டம் திரண்டு வந்து கணவனையும் மனைவியையும் தூக்கிலிடுகிறது.

வெள்ளைக்காரர் படம் காட்டிய 'குற்றவாளி'யை மீஷோ திருப்பி வைத்துக் காட்டினார். கும்பல் கொலைக்குப் பின்னால் இருப்பது பெண்ணின் மானம் அல்ல, கூலிக் கணக்கு என்று சொன்னார். படித்த பிள்ளை கணக்குப் பார்க்கத் தொடங்கினால் ஆண்டைக்கு ஏன் ஆத்திரம் வருகிறது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1919இல் சிகாகோவில் இனக் கலவரம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இந்தத் தூக்குக் காட்சியைக் காட்டினால் மறுபடி கலவரம் வரும் என்று படத்தைத் தடுக்கப் பார்த்தார்கள். கொலை செய்தால் கலவரம் இல்லை, கொலையைக் காட்டினால் கலவரம்!

அதன்பிறகு அந்தப் படம் காணாமலே போனது. பல பத்தாண்டுகள் கழித்து ஸ்பெயின் நாட்டுத் திரைப்படக் காப்பகத்தில், 'லா நெக்ரா' என்ற வேறு பெயரில் ஒரு பிரதி கிடைத்தது. எழுத்து அட்டைகள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் இருந்தன. அவற்றை ஆங்கிலத்துக்குத் திருப்பி, 1993இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மீட்டெடுத்தது.

இங்கே நம் பி.கே. ரோசியை நினைக்காமல் இருக்க முடியாது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்த புலையர் சமூகத்துப் பெண் அவர். திரையில் அவரைக் கண்ட ஆதிக்க சாதியினர் கல்லெறிந்தார்கள். அவர் குடிசை கொளுத்தப்பட்டது. உயிர் தப்பித் தமிழ் நிலத்துக்கு ஓடிவந்தார். அந்தப் படத்தின் சுருள் இன்று இல்லை. மீஷோவின் படமாவது வேற்று மொழியில், வேற்றுப் பெயரில் எங்கோ உயிரோடு இருந்தது. ரோசியின் முகத்தைத் திரையில் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. படம் எடுப்பது பாதி வேலைதான்; பிரதியைக் காப்பது மீதி வேலை. இதைப் பிறகு மறுபடி பேசுவோம்.

பெயரை எழுதுவது யார்?

ஆப்பிரிக்காவுக்கு வருவோம். 1934இல் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி காலனி நாடுகளில் படம் எடுக்க ஆட்சியாளரின் அனுமதி வேண்டும். ஆப்பிரிக்கர் கையில் கேமரா போகாமல் பார்த்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. பாரிஸில் திரைப்படம் படித்த பொலின் வியேராவும் அவருடைய தோழர்களும் சொந்த மண்ணில் படமெடுக்க அனுமதி கிடைக்காமல், 1955இல் பாரிஸ் நகரத்து ஆப்பிரிக்கர்களை வைத்துப் படமெடுத்தார்கள். சேரிக்குள் தெரு கூட்டலாம், பொதுத் தெருவில் ஊர்வலம் போகக்கூடாது என்று நம்மிடம் சொல்கிற அதே குரல்தான் இந்தச் சட்டமும்.

செனகலின் ஒஸ்மான் செம்பேன் 1923இல் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், தொழிற்சங்கத்தில் படித்தார், நாவல்கள் எழுதினார். ஆனால் தாம் யாருக்காக எழுதினாரோ அந்த மக்களுக்குப் படிக்கத் தெரியாது என்ற உண்மை அவரை உறுத்தியது. நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோ சென்று படமெடுக்கக் கற்றார். சினிமா மக்களுக்கான இரவுப் பள்ளி என்பது அவர் கருத்து.

1963இல் வந்த 'போரோம் சாரெத்' இருபது நிமிடம் போல ஓடும் படம். டக்கார் நகரத்தில் குதிரை வண்டி ஓட்டும் ஒருவரின் ஒரு நாள். வசதியானவர்கள் வாழும் மேட்டுப் பகுதிக்குள் வண்டி வரக்கூடாது என்று விதி. சவாரிக்கு வந்த கோட்டுக்காரர் தைரியம் சொல்லி அழைத்துப் போகிறார். காவலர் பிடித்ததும் நழுவிவிடுகிறார். வண்டி பறிபோகிறது. போரில் வாங்கிய பதக்கம் கீழே விழ, காவலரின் பூட்ஸ் அதன்மேல் நிற்கிறது. வெறுங்கையோடு வீடு திரும்பியவரிடம் மனைவி குழந்தையைக் கொடுத்துவிட்டு, இன்றிரவு சாப்பாடு உண்டு என்று சொல்லி வெளியே போகிறாள். எங்கே போகிறாள் என்று படம் சொல்லவில்லை. அத்துடன் முடிகிறது.

1966இல் அவர் எடுத்த 'லா நுவார் தெ' படத்தை நம் பெண்கள் கூடிப் பார்க்க வேண்டும். வீட்டுவேலைக்காகப் பிரான்சுக்கு அழைத்துச் செல்லப்படும் தியுவானா என்ற பெண்ணின் கதை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொல்லி அழைத்துவிட்டு, சமையல், துணி, தரை துடைப்பது எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டுகிறார்கள். ஒருநாள் ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வருகிறது. தியுவானாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டு எசமானரே கடிதத்தைப் படித்து, அவள் சார்பில் பதிலும் எழுத உட்கார்ந்துவிடுகிறார். நலமாக இருக்கிறேன் என்று அவள் பெயரால் அவர் எழுதுகிறார். தியுவானா தன் கடிதத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறாள்.

தோழர்களே, நம் பெயரால் பிறர் எழுதிய கடிதங்கள் எத்தனை! நம் வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகள், ஆய்வேடுகள், கதைகள், படங்கள் எத்தனை! அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் கடிதம் நம்முடையது அல்ல.

தியுவானா அந்த வீட்டுக் குளியல் தொட்டியில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். எசமானர் அவளுடைய பெட்டியையும், அவள் பரிசாகக் கொடுத்த முகமூடியையும், சம்பளப் பணத்தையும் எடுத்துக்கொண்டு டக்காரில் அவள் தாயைத் தேடி வருகிறார். தாய் பணத்தைத் தொடவில்லை. ஒரு சிறுவன் அந்த முகமூடியை அணிந்துகொண்டு அவர் பின்னாலேயே நடக்கிறான். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வேகமாக நடக்கிறார். இழப்பீட்டுத் தொகையை நீட்டிக்கொண்டு நம் தெருவுக்கு வந்தவர்களை நாம் அறிவோம். வாங்க மறுத்து நின்ற தாய்மார்களையும் அறிவோம்.

அந்தப் படத்தில் தியுவானாவின் மனக்குரல் பிரெஞ்சு மொழியில்தான் ஒலிக்கிறது. இரண்டே ஆண்டில், 1968இல், 'மண்டபி' படத்தைச் செம்பேன் வோலோஃப் மொழியில் எடுத்தார். பிரெஞ்சு நிதி வாங்கியதால் பிரெஞ்சிலும் ஒரு பதிப்பு எடுக்க வேண்டியிருந்தது; ஆனால் ஊர் மக்கள் தம் மொழியைப் பெரிய திரையில் முதன்முதலாகக் கேட்டது இந்தப் படத்தில்தான். பாரிஸில் தெருக் கூட்டும் உறவுக்காரப் பையன் 25,000 பிராங்க் பண அஞ்சல் அனுப்புகிறான். அதை வாங்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். சான்றுக்குப் பிறந்த தேதி வேண்டும். அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடைசியில் படித்த சொந்தக்காரன் ஒருவனிடமே பணத்தைப் பறிகொடுக்கிறார் அந்தப் பெரியவர். சாதிச் சான்றிதழுக்கு அலைந்த யாருக்கும் இந்தப் படத்துக்கு வசன விளக்கம் தேவைப்படாது. வெள்ளையர் போனபின் நாற்காலியில் உட்கார்ந்த சொந்த நாட்டவரையும் செம்பேன் விடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்பான பார்வையும் போதாது

பிரெஞ்சுக்காரரான ழான் ரூஷ் ஆப்பிரிக்கர்களைப் பற்றி நிறையப் படங்கள் எடுத்தவர். காலனியவாதி என்று அவரைத் தள்ளிவிட முடியாது. ஆப்பிரிக்க நண்பர்களோடு சேர்ந்தே வேலை செய்தார். ஆனாலும் 1965இல் நடந்த ஒரு விவாதத்தில் செம்பேன் அவரை நேருக்கு நேர் குற்றஞ்சாட்டினார்: பூச்சிகளைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்க்கிறீர்கள் என்ற பொருளில். ஒரு மனிதரின் இன்றைய செயலை மட்டும் காட்டி, அவருக்கு வரலாறே இல்லாததுபோல் விட்டுவிடுவதுதான் செம்பேனின் கோபத்துக்குக் காரணம்.

இந்தக் கதையில் நமக்குப் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. ரூஷின் 'பெத்தி தா பெத்தி' படத்தில் நடித்த செனகல் பெண் சாஃபி ஃபாயே. பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிறகு பாரிஸில் இனவியலும் திரைப்படமும் படித்து, தானே இயக்குநரானார். 1975இல் தம் குடும்பத்தாரின் கிராமத்துக்குப் போய் 'கட்டு பேய்கத்' எடுத்தார். உழவரின் குரல் என்பது அதன் பொருள். காலனி ஆட்சி திணித்த நிலக்கடலைச் சாகுபடி பொய்த்து, கல்யாணத்துக்குப் பணம் இல்லாமல் பட்டணத்துக்கு வேலை தேடிப்போகும் இளைஞனின் கதை. அதற்கிடையே ஊரார் மரத்தடியில் உட்கார்ந்து வரியையும் கடனையும் பேசுகிறார்கள். ஃபாயேயின் தாத்தாவும் படத்தில் இருக்கிறார். கேமராவுக்கு முன்னால் நின்ற பெண் கேமராவுக்குப் பின்னால் போனதும், 'பழங்குடி வழக்கம்' என்று காட்டப்பட்டுவந்த கிராமம், கடன் கணக்குப் பேசும் கிராமமாகிவிட்டது!

ஊர் கூடிச் சொன்ன விமர்சனம்

அப்படியானால் வெளியாள் படமே எடுக்கக்கூடாதா? பொலிவியாவின் ஹோர்ஹே சான்ஹினேஸ் இதற்கு ஒரு விடை. அவர் பழங்குடி அல்லர். நகரத்தில் வளர்ந்த நடுத்தர வர்க்கத்தவர். 1969இல் 'யாவார் மல்கு' படத்தை கெச்சுவா மொழியில் எடுக்கத் தம் குழுவோடு காட்டா என்ற மலைக் கிராமத்துக்குப் போனார். உதவி செய்வதாக வந்த அமெரிக்க நிறுவனம் பழங்குடிப் பெண்களுக்குத் தெரியாமலேயே கருத்தடை செய்வதைச் சொல்லும் படம் அது. கிராமத் தலைவரின் சம்மதம் கிடைத்துவிட்டது, இனி வேலை நடக்கும் என்று நினைத்தார்கள். ஊர் மக்கள் யாரும் அருகில் வரவில்லை. அந்தச் சமூகத்தில் ஒருவர் சொல்லி மற்றவர் கேட்பதில்லை, கூடித்தான் முடிவெடுப்பார்கள். படக்குழு ஊரார் முன்னால் கோகா இலைக் குறிபார்க்கும் சடங்குக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டது. இலைகள் நல்ல குறி காட்டின என்று ஊர் ஏற்றுக்கொண்ட பிறகே படப்பிடிப்பு நடந்தது.

கதை அதோடு முடியவில்லை. படத்தை மலைக் கிராமங்களில் காட்டியபோது, காலம் முன்னும் பின்னுமாகப் போகிறது, எங்களால் பின்தொடர முடியவில்லை என்றார்கள் மக்கள். உலக விழாக்களில் பாராட்டிய உத்தி அது. மக்களுக்குச் சினிமா புரியவில்லை என்று சான்ஹினேஸ் சொல்லியிருக்கலாம். தம் சினிமாவையே மாற்றிக்கொண்டார். 1971இல் எடுத்த 'எல் கொராஹே தெல் புயெப்லோ' படத்தில், 1967இல் சுரங்கத் தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட சம்பவத்தைத் தப்பிப் பிழைத்தவர்களே நடித்துக் காட்டினார்கள். தனி நாயகன் இல்லை, கூட்டமே நாயகன். 'யாவார் மல்கு' கிளப்பிய கோபமும் சேர்ந்து, அமெரிக்காவின் அமைதிப் படை என்ற அமைப்பு 1971இல் பொலிவியாவிலிருந்து வெளியேற்றப்பட்டது.

அவருடைய 1989ஆம் ஆண்டுப் படம் 'லா நசியோன் கிளாந்தெஸ்தினா'. செபாஸ்தியான் மமானி என்ற அய்மாரா மனிதர் தலைநகரத்தில் சவப்பெட்டி செய்து பிழைக்கிறார். மமானி என்றால் பழங்குடி என்று தெரிந்துவிடும். அதனால் பெயரை மைஸ்மன் என்று மாற்றிக்கொள்கிறார். வாடகை வீட்டுக்காகவும் வேலைக்காகவும் ஊர்ப்பெயரை மறைத்தவர்கள், அப்பா பெயரைச் சுருக்கியவர்கள், எந்தத் தெரு என்ற கேள்விக்கு வேறு தெருவைச் சொன்னவர்கள் நம்மில் உண்டு. படம் அவரைக் கேலி செய்யவில்லை. எளிதாக மன்னிக்கவும் இல்லை. சொந்த மக்களுக்குத் துரோகம் செய்து ஊரைவிட்டு விலக்கப்பட்டவர், பெரிய நடன முகமூடி ஒன்றை முதுகில் சுமந்து, சாகும்வரை ஆடும் பழைய சடங்கை ஆடுவதற்காக நடந்தே ஊர் திரும்புகிறார். கடைசியில் அவருடைய சவ ஊர்வலத்தில், துக்கம் கொண்டாடுவோருக்குப் பின்னால் அவரே நடந்து வருகிறார். படித்து நகரம் போன நம் தலைமுறை இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அடிபடாத நாளின் கதை

இன்னும் ஒரு படம். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்த சார்லஸ் பர்னெட், பல்கலைக்கழகப் படிப்புக்கான ஆய்வுப் படமாக 1970களில் எடுத்தது 'கில்லர் ஆஃப் ஷீப்'. 10,000 டாலருக்கும் குறைந்த செலவில், வார இறுதி நாட்களில், தெருக்காரர்களையே நடிக்க வைத்து எடுத்தார். நாயகன் ஸ்டான் ஆட்டுத்தொட்டியில் வேலை செய்கிறான். படத்தில் கொலை இல்லை, கலவரம் இல்லை, காவலர் தடியடி இல்லை. நண்பனோடு சேர்ந்து ஒரு பழைய எஞ்சினை வாங்கி, மூச்சு முட்டப் படியிறக்கி, வண்டியில் ஏற்றுகிறான். வண்டி கிளம்பியதும் எஞ்சின் உருண்டு விழுந்து உடைந்துபோகிறது. பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போகிறார்கள். மனைவியோடு மெல்ல ஆடுகிறான். அசதியில் விலகிப் போகிறான். பிள்ளைகள் காலி மனைகளில் கல்லெறிந்து விளையாடுகிறார்கள்.

இதை நாம் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மைப் பற்றிய படம் என்றாலே ஒரு வெட்டு, ஒரு வன்புணர்வு, ஒரு தூக்குக் கயிறு வேண்டும் என்று பிறர் எதிர்பார்க்கிறார்கள். நாமும் அதற்குப் பழகி வருகிறோம். கொடுமையைச் சொல்லாமல் விடமுடியாது. ஆனால் கொடுமை நடக்காத நாளிலும் நாம் வாழ்கிறோம். உழைத்த உடம்பின் அசதி, பிள்ளையின் விளையாட்டு, புருஷன் பெண்டாட்டிக்கு நடுவிலான மௌனம் இவையெல்லாம் நமக்கும் உண்டு என்று காட்டுவதும் அரசியல்தான். இந்தப் படத்தில் வரும் பாடல்களுக்கு உரிமைத் தொகை கட்ட முடியாததால் முப்பது ஆண்டுகள் கழித்து, 2007இல்தான் அது திரையரங்குகளுக்கு வந்தது. பணம் இல்லாதவர் எடுத்த படம் பணம் இல்லாததாலேயே பூட்டிக் கிடந்தது.

ஒப்பிடலாம், ஒன்றாக்கக் கூடாது

இவற்றைப் பார்க்கும்போது, எல்லா ஊரிலும் இதே கதைதான் என்று சொல்லிவிடத் தோன்றும். அங்கே நாம் நிதானிக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், ஐ.நா. மன்றத்தில் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியபோது பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்திடமிருந்து பெயரைப் பெற்றார்கள். உறவு உண்மையானது. அதே அண்ணல்தான் அடிமைமுறையையும் தீண்டாமையையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கறாராக எழுதியவர். நிறத்தைப் பார்த்துத் தள்ளுவது ஒன்று. ஒரே நிறத்தில், ஒரே மொழி பேசுபவனைப் பிறப்பை விசாரித்துத் தள்ளுவது வேறொன்று. ஒரு பறைத் தெருவின் கதையைச் செனகல் இயக்குநர் நமக்காக எடுத்துத்தர முடியாது. எப்படி எடுப்பது என்ற துணிச்சலைத் தரலாம். மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே 2013இல் எடுத்த 'ஃபன்ட்ரி' படத்தின் முடிவில் சிறுவன் எறியும் கல் நம்மை நோக்கியே பறந்து வருகிறது. செம்பேனின் முகமூடிச் சிறுவனோடு அவனை உட்காரவைத்துப் பார்க்கத் தெரிந்தால், இரண்டு படமும் இன்னும் தெளிவாகும்.

நாம் செய்ய வேண்டியது

இனிச் சில வேலைகள். இந்தப் படங்களைத் தனியாகக் கைபேசியில் பார்த்து முடித்துவிட வேண்டாம். செம்பேன் தம் படங்களை ஊர் ஊராக எடுத்துப் போனார். படம் முடிந்ததும் மக்களோடு உட்கார்ந்து பேசினார். அம்பேத்கர் மன்றத்தில், இரவுப் பாடசாலையில், தேவாலயத் திண்ணையில், எங்கே வெள்ளைச் சுவர் இருக்கிறதோ அங்கே காட்டலாம். ஆங்கில எழுத்து ஓடினால் நம் பெரியவர்களுக்குப் பயன் இல்லை. சான்ஹினேஸ் குழுவினர் படம் காட்டுவதற்கு முன்பே ஒரு கதைசொல்லியைக் கொண்டு கதையைச் சொல்லவைத்த முறை நமக்கு நன்றாகப் பொருந்தும். கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாணவர்கள் படங்களின் வசனத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். அது ஒரு நூலை மொழிபெயர்ப்பதற்குச் சமமான பணி. படம் முடிந்ததும் முதலில் பெண்கள் பேசட்டும்.

ஒவ்வொரு படத்தையும், நம் தமிழ்ப் படங்களையும் சேர்த்துத்தான், நாலு கேள்வி கேட்டுப் பார்ப்போம். யார் பார்க்கிறார்கள்? யார் மொழியில் பேசுகிறார்கள்? யாருக்குக் காட்டுகிறார்கள்? பிரதி யாரிடம் இருக்கிறது? நம்மவர் எடுத்த படம் என்பதற்காக முதல் கேள்வியோடு நிறுத்திவிட வேண்டாம்.

கடைசிக் கேள்வி நமக்கே உரியது. நம் ஊர்வலங்களை, பறையிசைக் கலைஞர்களை, நில மீட்புப் போராட்டங்களை, மூத்தவர்களின் பேச்சை நம் பிள்ளைகள் கைபேசியில் எடுத்துவைத்திருக்கிறார்கள். கைபேசி கெட்டால் அந்த வரலாறும் போய்விடும். தேதி, ஊர், பேசியவர் பெயர், எடுத்தவர் பெயர் எழுதி, இரண்டு மூன்று இடங்களில் பிரதி சேர்த்துவைக்கும் பொறுப்பை இந்தப் பேரவை ஏற்க வேண்டும் என்று இந்த நினைவு நாளில் முன்மொழிகிறோம். மீஷோவின் படத்தை ஸ்பெயின் காப்பாற்றிக் கொடுத்தது. நம்முடையதை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.